இரும்புக் கம்பி போட்ட நான்கு மாதங்கள்

என் மருமகனுக்கு நாற்பத்தைந்து வயதில் கிற்றார் ஆசை வந்திருக்கிறது. வரட்டும், அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் மனிதர் கிற்றாரோடு சேர்த்து நாலு பக்கெற் கம்பியும் கொழும்பிலிருந்து எடுப்பித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பக்கெற்றைப் பிரித்து மாட்டிவிட்டு நான் சாய்ந்திருக்கும் கதிரைக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

"மாமி, இது எப்பிடி? போன கிழமை போட்டத விடக் கணீரெண்டு கேக்குதா?"

நல்லாயிருக்கு என்கிறேன். அதோடு விட்டாரென்றால் பரவாயில்லை. எப்படி நல்லாயிருக்கு என்று கேட்கிறார். பித்தளை சுற்றின கம்பி ஒரு மாதிரியாம், வெண்கலம் சுற்றினது இன்னொரு மாதிரியாம், மெல்லியதில் குரல் கீச்சிடுமாம், தடித்ததில் நெஞ்சுக் குரல் வருமாம். நான் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும், நம் வயதில் அபிப்பிராயம் சொல்வதும் ஒரு வேலைதான், அதற்கும் மூச்சு வேண்டும். கம்பி மாறினால் சத்தம் மாறும் என்பதை அவர் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அது எனக்குப் பதினொரு வயதிலேயே தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் நல்லதில்லை.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பாவம், கம்பி மாற்றுவதையே விட்டுவிடுவார். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எல்லாம் பாணுக்கும் சீத்தைத் துணிக்கும் வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். ஒரு சாமான் கடையில் இல்லை என்றால் அது நாட்டிலேயே இல்லை என்றிருந்த காலத்தை உங்களுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அந்தக் காலத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு கிற்றார் இருந்தது. எனக்குப் பதினொரு வயதான அந்த வருடத்தில்தான் அம்மாவின் காதுகளும் மூடிக்கொண்டு வந்தன.

நாவற்குடாவில் எங்கள் வீடு. பின்வேலியைத் தாண்டி நடந்தால் வாவி. அப்பா வாவிக்கு அப்பால், வவுணதீவில், அரசாங்கம் நெல் வாங்கிப் போடும் களஞ்சியத்தில் கிளாக்காக இருந்தார். பின்னேரம் வரும்போது சேட்டுக் கொலரிலும் காது மடலிலும் நெல் உமித் தூசி படிந்திருக்கும். முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு, முன் விறாந்தையில் பாயை விரித்துக் கிற்றாரோடு உட்காருவார். யாருக்காகவும் வாசிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வந்து நின்றால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்.

அந்தக் கிற்றார் ஒரு பறங்கிக் குடும்பம் விட்டுப்போனது. அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது கட்டிலை விற்றார்கள், அலுமாரியை விற்றார்கள், கிற்றாரை மட்டும் விற்க மனம் வராமல் அப்பாவின் கையில் கொடுத்தார்கள். மெல்லிய பெட்டி. முகப்புப் பலகை தேன் நிறம், ஓட்டையைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிப்பித் துண்டு பதித்த வளையம். அதில் ஒரு துண்டு விழுந்த இடத்தை நான் விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். உள்ளே மூக்கை வைத்தால் பழைய சாம்பிராணியும் எலிப் புழுக்கையும் கலந்த வாசம் வரும். இப்போதும் எங்காவது பழைய மரப்பெட்டியைத் திறந்தால் அந்த வாசம் வருகிறதா என்று பார்க்கிறேன். வருவதில்லை.

அது நைலோன் நரம்புக்கென்று செய்த கிற்றார். மேல் மூன்றும் வெறும் நைலோன், கீழ் மூன்றும் நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றினவை. நைலோன் அறுந்தால் புதிதாக வாங்க இடமில்லை. ஆனால் எங்கள் ஊரில் தங்கூசி இருந்தது. தூண்டில் போடுகிறவர்கள் கட்டுகிற அதே தங்கூசிதான். அப்பா மூன்று தடிப்பில் வாங்கி வைத்திருப்பார். கடைக்காரர் ஒருமுறை, "கிளாக்கர் ஐயா மீனெல்லாம் பிடிக்கிறீங்க போல" என்று கேட்டதற்கு அப்பா ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மெல்லியது முதலாம் கம்பிக்கு, இடைப்பட்டது இரண்டாவதற்கு, தடித்தது மூன்றாவதற்கு. சுதி நிற்க இரண்டு நாள் எடுக்கும், இழுத்து இழுத்து விட வேண்டும். நின்ற பிறகு அதன் சத்தம் உருண்டையாக இருக்கும். ஓரமே இராது. பக்கத்தில் இருந்து யாரோ வாய்க்குள்ளே பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும். அறைக்கு வெளியே போனால் அரைவாசி கரைந்துவிடும்.

அப்பா வாசிக்கும்போது அம்மா குசினிக்குள் இருந்து கூட முனகுவார். பாட்டென்று சொல்ல முடியாது, சொல் இராது. தேங்காய் துருவிக்கொண்டே, தாளம் தப்பாமல் மூக்கால் ஒரு இழுப்பு. அப்பா ஒரு இடத்தில் வேண்டுமென்றே பிந்துவார், அம்மா அங்கே நிற்பார், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போவார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அவர்கள் அன்பாகப் பேசி நான் கண்டது குறைவு. அந்த முனகலைத்தான் நான் கண்டேன்.

தம்பி பிறந்த பிறகு அது நின்றுபோனது.

நான்கு பிள்ளை பெற்று இரண்டு தங்கிய உடம்பு அம்மாவுடையது. களைப்பு என்று நினைத்தோம். பிறகு சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள். பால்காரர் படலையில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். தம்பி தொட்டிலில் அழுதால் நான் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும். பின்னால் நின்று ஒன்று கேட்டால் பதில் வராது, முன்னால் போய்க் கேட்டால் வரும். அம்மாவின் தமக்கை, என் பெரியம்மா, இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர், இதற்கு ஒரு பெயர் கண்டுபிடித்தார்.

"அவளுக்கு ராங்கி வந்துத்து. ஆம்பிளப் புள்ள பெத்துத்தாள்தானே, இனி நம்மட கதையெல்லாம் காதில ஏறுமா?"

ராங்கிக்கு மருந்தில்லை. ஆனால் காதுக்கு மருந்து என்று யாரோ சொன்னதால் வெள்ளைப்பூடு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயை அதே பெரியம்மாதான் ஊற்றினார். ஆஸ்பத்திரியில் மெழுகு அடைத்திருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். காது கேட்கவில்லை என்று மட்டும் ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை. முப்பத்தி நாலு வயதில் செவிடி என்று ஒழுங்கையில் பெயர் எடுக்க அவருக்கு விருப்பமில்லை. இது எனக்கு இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கும் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினதை ஓடிவந்து சொன்னால், அடுப்பை ஊதிக்கொண்டே, "உப்பு அந்தத் தட்டில கிடக்கு மனே" என்கிற தாயிடம் பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கோபம் வராதா?

சித்திரை கழிந்து கச்சான் காற்று தொடங்கியது. அந்தக் காற்று உங்களுக்கு நினைவிருக்கும், மேற்கிலிருந்து வயல்களின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் கொட்டும். ஒரு பின்னேரம் காத்தான்குடிப் புடைவைக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போய்த் துணி எடுத்து வருகிறவர். அப்பாவிடம் ஒரு சின்னக் கடதாசி உறையைக் கொடுத்தார்.

"நீங்க கேட்ட இரும்புக் கம்பிதான் கிளாக்கர். நாலு கடை ஏறி இறங்கி எடுத்த. நைலோன் ஒரு செட் இருந்திச்சு, அது வேணாமெண்டுதானே ரெண்டு தரம் சொல்லிவிட்ட நீங்க, அதான் எடுக்கல்ல. இனி எப்ப வருமோ அல்லாவுக்குத்தான் தெரியும்."

"இதுதான் வேணும் காக்கா," என்றார் அப்பா.

அன்றைக்கே மாற்றினார். பழைய கம்பிகளை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் சுருட்டி வைத்தார். இரும்பைக் கட்டி முறுக்க முறுக்க, பெட்டிக்குள்ளே எங்கோ ஒரு மரம் 'டிக்' என்றது. பிறகு வாசித்தார். ஆறு கம்பியையும் ஒருமிக்க அடித்தபோது நான் காதைப் பொத்தினேன். பித்தளைத் தட்டத்தைச் சீமெந்து நிலத்தில் போட்டதுபோல இருந்தது. அதே விரல், அதே பாட்டு, ஆனால் எங்கள் கிற்றார் இல்லை. ஒவ்வொரு சுரமும் ஓரம் வைத்துக்கொண்டு நின்றது, விரலை எடுத்த பிறகும் நீண்ட நேரம் போகாமல் நின்றது.

அம்மா குசினியிலிருந்து வந்தார். கையெல்லாம் தேங்காய்ப்பூ. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி எழும்பிவிடுவான் என்று பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் போய்த் துருவத் தொடங்கினார், முனகலும் தொடங்கியது.

இதை நான் கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் எனக்குத் தெரியவில்லை. நான் நினைத்ததெல்லாம் அப்பாவுக்குப் பெரிய வாத்தியக்காரராகப் பெயர் எடுக்க ஆசை வந்துவிட்டது என்பதுதான்.

அப்படி நினைத்தது நான் மட்டும் இல்லை. கல்யாண வீடுகளுக்கு வயலின் வாசிக்கிற ஒரு பறங்கி மாமா மாதத்தில் இரண்டுதரம் எங்கள் வீட்டுக்கு வருவார். வெறுங்காலோடு, இடுப்பில் பெல்ற் கட்டின கட்டைக் காற்சட்டையோடு. நாங்கள் அவரை வயலின் மாமா என்போம். அவுஸ்திரேலியாவுக்குப் போனவர்களுடைய சொந்தக்காரர், எங்கள் கிற்றாரை அவர் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர். கம்பி மாற்றிய சில நாளில் வந்து கிற்றாரைக் கையில் எடுத்தார். வாசிக்கவில்லை. கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, பலகையின் நீளத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது நரம்புக்குச் செஞ்ச பெட்டி. பலகை பப்படத் தடிப்புத்தான். இதில போய் இரும்ப இழுத்துக் கட்டியிருக்கிறாய்."

"தெரியும் அண்ணன்."

"தெரிஞ்சுகொண்டா செஞ்ச? இஞ்ச பாரு, வயிறு ஊதிக்கொண்டு வருது. குதிரை கிளம்புது." கம்பிகள் கட்டியிருக்கும் மரத்துண்டைத்தான் அவர் குதிரை என்பார். சேட்டுப் பையிலிருந்து ஒரு பஸ் ரிக்கற்றை எடுத்து அதன் பின்விளிம்பில் செருகினார். ரிக்கற்றின் நுனி பலகைக்கும் மரத்துக்கும் நடுவே போனது. "பாத்தியா? மாரிக்கு முதல் பிச்சுக்கொண்டு வரும். அதோட சரி. இத ஒட்ட ஏலாது."

"கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்."

"அப்ப சுதியையாவது இறக்கி வையன்."

"இறக்கினாச் சத்தம் குறைஞ்சிரும் அண்ணன்."

வயலின் மாமா கிற்றாரைப் பாயில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். தேத்தண்ணி குடிக்கவில்லை. பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. சத்தத்துக்காகப் பெட்டியைக் கொல்கிறவன் என்று அப்பாவைப் பற்றி ஊருக்குள் சொன்னாராம். அப்பா காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் வந்து கட்டிப்பிடித்திருப்பார். காரணத்தைச் சொல்வதென்றால் அம்மாவின் காதைச் சொல்ல வேண்டும். அப்பா சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பஸ் ரிக்கற் என்னுடையதாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிற்றாரை எடுத்துச் செருகிப் பார்ப்பேன். வைகாசியில் நுனி மட்டும் போனது. ஆனியில் அச்சடித்த எழுத்துவரை போனது. பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். குதிரை பிய்ந்து போகும் நாளை நினைத்து எனக்கு நித்திரை கெட்டது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நானும் அந்தக் கிற்றாரில் இரண்டு பாட்டு வாசிப்பேன். இரும்பு என் விரல் நுனியை வெட்டியது, நகத்துக்குக் கீழே கோடு கோடாக. கிற்றாருக்காகத்தான் துடித்தேன் என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாதி என் விரலுக்காகவும்தான்.

வாவிக் காற்றில் உப்பு. இரும்புக் கம்பி மூன்று கிழமையில் கறுத்துச் சொரசொரத்துப்போகும். கறுத்தால் சத்தமும் மங்கும். அப்பா ஒவ்வொரு நாளும் தேங்காய் எண்ணெய் தொட்ட சீலைத் துண்டால் ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பார், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. அம்மாவும் இடம் மாறிக்கொண்டு வந்தார். முதல் மாதம் குசினிக்குள் இருந்தே முனகினார். அடுத்த மாதம் தேங்காய் துருவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஆடியில் விறாந்தைத் தூணடிக்கு. ஆவணியில் பாயின் ஓரத்துக்கு, அப்பாவின் முழங்காலில் இருந்து ஒரு கை எட்டும் தூரத்துக்கு. பெரியம்மா அதைக் கண்டு சிரித்தார். "பெத்துப் பிழைச்ச பிறகுதான் புருசன்ல ஆசை வந்திருக்கு" என்றார்.

ஆவணிப் பறுவத்தில் வாவிக்குப் போனோம், முழுநிலாவில் தண்ணீருக்குள் மீன் பாடும் என்பார்களே, அதைக் கேட்க. எங்கள் ஊர்க்காரர் எழுத உட்கார்ந்தால் மீன் பாடுவதில்தான் தொடங்குவார்கள், நானாவது அதைத் தவிர்க்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. பொழுதுபட்டு நிலா கிளம்பின நேரம். தெரிந்த ஒருவரின் தோணி. பெரியம்மாவும் வந்தார். நடு வாவியில் தோணியை நிறுத்தித் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். பெரியம்மா வைத்துப் பார்த்து, ஏதோ தவளை மாதிரிக் கிடக்கு என்றார். நான் வைத்தேன், வீணைக் கம்பியை ஈர விரலால் தொட்டதுபோல ஒன்று கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். அம்மா தம்பியை மடியில் வைத்திருந்ததால் சரியாகப் பிடிக்க முடியாமல், துடுப்பின் பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் முட்டுக் கொடுத்தார். கண்ணை மூடினார். நெடுநேரம் அதைக் காதை விட்டு எடுக்கவே இல்லை.

"கேக்குது," என்றார். "நல்லாக் கேக்குது. ரெண்டு மூண்டு சேந்து கேக்குது."

பெரியம்மா அப்பாவைப் பார்த்து, "பாத்தீங்களா, மனுசர் கூப்பிட்டாக் கேக்காது, தண்ணிக்குள்ள மீன் கூப்பிட்டாக் கேக்கும். நான் அப்பவே சொன்னன், எல்லாம் நடிப்பு" என்றார். தோணிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அம்மா துடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கரைக்குத் திரும்ப வேண்டும் என்று தோணிக்காரர்தான் கையிலிருந்து வாங்கினார்.

இதன் அர்த்தம் தெரிய எனக்கு நாற்பது வருடம் சென்றது. சண்டையெல்லாம் ஓய்ந்து, பாதை திறந்து, அப்பாவும் போன பிறகு, அம்மாவைக் கொழும்பில் ஒரு காது டொக்டரிடம் கொண்டு போனேன். அவர் இரண்டு பல் உள்ள ஒரு இரும்பு முள்ளைத் தட்டிக் காதுக்கு முன்னால் பிடித்தார். அம்மா பேசாமல் இருந்தார். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது. "கேக்குது" என்றார். டொக்டர் என்னிடம் விளங்கப்படுத்தினார். காதுக்குள்ளே அரிசியை விடச் சின்ன எலும்பு ஒன்று இறுகிப்போகும் நோயாம். சில பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கூடுமாம். மெத்தென்ற கீழ்க்குரல்கள் முதலில் போகும், கூர்மையான சத்தம் கொஞ்சக் காலம் தங்கி நிற்கும். ஆனால் எலும்பு வழியாகப் போகிற சத்தம் உள்ளே சேர்ந்துவிடும்.

"அப்ப டொக்டர், ஒரு கிற்றாரில தாடைய வச்சிருந்தா?"

"தாராளமாக் கேட்டிருக்கும். என்ன கம்பி போட்டிருந்தாலும் கேட்டிருக்கும்."

துடுப்பை எலும்பில் வைத்து வாவியைக் கேட்ட சனங்கள் நாங்கள். கிற்றாரில் அப்படி ஒருதரம் கன்னத்தை வைத்துப் பார் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் புத்தி வரவில்லை. டொக்டர் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்வதென்றால் கத்திச் சொல்ல வேண்டும். அதைக் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிற்றார் என்ன ஆனது என்பதையும் சொல்லி முடித்துவிடுகிறேன். அது பிழைத்தது. நான் பிழைக்க வைத்தேன். இரண்டு வருடம் கழித்து வந்த சூறாவளியில் ஓட்டோடும் சுவரோடும் சேர்ந்து போயிற்று, சிப்பி பதித்த வளையத்தில் கையளவு துண்டு ஒன்று வேலிக் கிடுகில் கிடந்தது. காத்தான்குடிக் காக்கா அடுத்த இரும்புக் கம்பி செட்டைக் கொண்டு வந்தது அதற்கெல்லாம் முதல், மறுவருடம் தை மாதத்தில். அப்பா கட்டினார், வாசித்தார், அம்மா கிட்டத்தில் இருந்து அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனகவில்லை. அதற்குள் அதுவும் போய்விட்டது. இரும்புக் கம்பி பிறகு அவருக்கு உதவவில்லை. உதவின காலம் அந்த ஒரு சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இடையில்தான். அதற்குப் பிறகும் உதவியிருக்கக்கூடிய மாதங்களை அவருக்கு இல்லாமல் ஆக்கினது நான்.

புரட்டாசியில் ஒரு பகல், ரிக்கற் பென்சில் கோட்டைத் தாண்டி உள்ளே போனது. முழுதாகப் போய்விடுமோ என்று பயந்து இழுத்தெடுத்தேன். அப்பா வேலையில். அம்மா கிணற்றடியில் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் பெட்டியில் இருந்த குறட்டை எடுத்தேன். முறுக்காணியைத் திருகிக் கழற்றியிருக்கலாம், எனக்கு அது தெரியும். ஆனால் கழற்றினால் அப்பா திரும்ப மாட்டுவார். அதனால் வெட்டினேன். முதலாவது கம்பி தெறித்து என் கன்னத்தில் ஒரு கோடு போட்டது. ஆறையும் வெட்டினேன். வெட்டினதைத் திரும்ப முடிச்சுப் போட்டாவது கட்டிவிடுவாரோ என்று துண்டு துண்டாக நறுக்கினேன். குசினிக்குப் பின்னால் தேங்காய்ச் சிரட்டையும் அடுப்புச் சாம்பலும் குவிக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். பிறகு பிஸ்கற் தகரத்தைத் திறந்து பழைய வெள்ளிக் கம்பி மூன்றையும், புதுத் தங்கூசி மூன்று தடிப்பையும் எடுத்து, அப்பா கட்டுகிற அதே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். இழுத்து இழுத்துச் சுதி சேர்த்தேன். பஸ் ரிக்கற்றைச் செருகிப் பார்த்தேன். பாதிதான் போனது. மரம் இறங்கியிருந்தது. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோசம் பெரிய பரீட்சை பாஸ் பண்ணினபோதும் இருந்ததில்லை.

அப்பா வந்தார், முகம் கழுவினார், தேத்தண்ணி குடித்தார், பாயை விரித்தார். கிற்றாரை மடியில் வைத்தவுடனே கண்டுகொண்டார். பெருவிரலால் ஒருதரம் தடவினார். அந்தப் பழைய உருண்டைச் சத்தம் வந்தது.

"யார் மாத்தின?"

"நான்தான் அப்பா. குதிரை பிஞ்சிரும் எண்டு வயலின் மாமா சொன்னவர்தானே. இப்ப இறங்கியித்து, பாருங்க."

"மற்றக் கம்பி எங்க?"

"வெட்டிப் போட்டன்."

அப்பா என்னை அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. குனிந்து சுதியைச் சரிபார்த்தார், மூன்றாவது கம்பியை ஒரு திருகு கூட்டினார். அதற்குள் அம்மா அரிசிச் சுளகோடு வந்து வழக்கமான இடத்தில், பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். குனிந்து கல் பொறுக்கத் தொடங்கினார். அப்பா வாசித்தார். எனக்கு விருப்பமான பாட்டைத்தான் முதலில் எடுத்தார், மெதுவாக இல்லை, விரல் நோக இழுத்து இழுத்து அடித்தார். தங்கூசி எவ்வளவு அடித்தாலும் அவ்வளவுதான் பேசும். எனக்கு அது தேனாக இருந்தது. அம்மாவின் முனகல் எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். வழக்கமாக அப்பா பிந்துகிற இடத்தில் பிந்தினார். ஒன்றும் வரவில்லை. பாட்டு முடிந்து இரண்டாவதும் பாதி போய்விட்டது.

அம்மா சுளகில் இருந்து தலையை எடுக்காமல் சொன்னார்.

"என்ன யோசிச்சுக்கொண்டிருக்கிறீங்க. தொடங்குங்களன்."

அப்பாவின் விரல் கம்பியில்தான் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து சுரம் போனது, பிறகு நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கிற்றாரைப் பாயில் கிடத்திவிட்டு, அம்மாவின் காதருகே குனிந்து, பக்கத்து வளவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இண்டைக்குக் கை நோகுது. நாளைக்கு வாசிக்கிறன்."

"நெல் மூட்டை தூக்கினீங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா கல் பொறுக்கினார்.

எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. யாரும் சொல்லித் தரவில்லை. எழும்பிக் குசினிக்குப் பின்னால் ஓடினேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. சிரட்டைகளைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி எடுத்து, சாம்பலைத் துடைத்து, நிலத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீளமானது ஒரு சாண் இருந்தது.